கருவாட்டுக்கு வாய் மூடிய பூனை

எனக்குப் பூனையைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சொந்தக்காரர்கள் கைப்பேசியில் பூனைப் படங்களை அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு குட்டி முன்னங்காலைத் தூக்கிக் கெஞ்சும், கீழே எல்லோரும் இதயம் போட்டிருப்பார்கள். நான் பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். இப்போது என் மகள் வீட்டில் ஏதாவது வளர்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறாள். நாயா பூனையா என்று அவளுக்கும் அவள் அப்பாவுக்கும் தினமும் வாக்குவாதம். இரண்டும் வேண்டாம், வேண்டுமானால் மீன் வளருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்வதானால் அவளுடைய சித்தியை எப்படிப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சொல்ல வேண்டும். அதை நான் அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

எங்கள் வீடு கடலுக்கும் வாவி என்ற நீண்ட உப்பேரிக்கும் இடையில் இருந்த மணல் துண்டில் இருந்தது. அப்பா கரைவலைக்குப் போவார். நாயைத் தங்கைதான் கொண்டு வந்தாள். கடற்கரையில் குட்டியாகக் கிடந்த மண்ணிற நாய். அவள் பள்ளிக்கூடம் போனால் எங்கள் ஒழுங்கையின் தெருமுனைவரை போய், அவள் திரும்பும் வரை அங்கேயே கிடக்கும். நாயின் மனதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. அது யாரைப் பார்க்கிறது என்று பார்த்தால் போதும். பூனையை ஒருவரும் கொண்டு வரவில்லை. ஒரு மழை நாளில் அதுவாகவே வந்து அடுப்படியில் படுத்துக்கொண்டது. நாங்கள் அதை வளர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

அது எங்களை ஆட்டி வைத்த விதத்தைச் சொன்னால் சிரிப்பு வரும். அம்மா மீன் வெட்டும்போது குடலும் செவுளும் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, அப்பா சாப்பிட உட்காரும்போது பட்டினி கிடந்த முகத்தோடு வரும். அவர் தன் தட்டிலிருந்து முள்ளெடுத்துப் போடுவார். பிறகு தங்கையிடம் போகும். மூன்று பேரும் தாங்கள்தான் அதற்குச் சோறு போடுவதாக நினைத்தார்கள். எனக்குப் பிள்ளை பிறந்திருந்த நேரம் அது. என் கணவர் கத்தாரில் இருந்தார், நான் அம்மா வீட்டிலேயே இருந்தேன். பிள்ளை அழும் குரலை அந்தப் பூனை எப்படியோ பிடித்துக்கொண்டது. அடுப்படிக் குசினிக் கதவுக்குப் பின்னால் இருந்து அதே குரலில் இழுத்து அழும். நான் பதறி எழும்பித் தொட்டிலுக்கு ஓடுவேன். பிள்ளை நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும். என் சட்டை பாலில் நனைந்துவிடும். கதவைத் திறந்தால் பூனை காலைச் சுற்றும். ஒரு பூனைக்காகப் பால் சுரந்த வெட்கத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

பிறகு சுனாமி வந்தது. வீடு போனது. அப்பாவின் அண்ணன் குடும்பத்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. நான் பிள்ளையை அணைத்துக்கொண்டு கோயில் மதிலில் ஏறித் தப்பினேன். தங்கையைத் தேடிக் கண்டுபிடித்தபோது அவளும் நாயும் ஒரே தென்னையடியில் கிடந்தார்கள். அவள் நாயின் கழுத்தைப் பிடித்திருந்தாளா, நாய் அவளுடைய சட்டையைக் கவ்வி இழுத்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு அப்பா சாப்பிடும்போது முதல் உருண்டையை நாய்க்கு வைத்தார்.

பூனை செத்துவிட்டது என்றுதான் இருந்தோம். சில வாரங்கள் கழித்துப் பள்ளிக்கூட முகாமில் அதைக் கண்டோம். முன்பு இருந்ததைவிடக் கொழுத்திருந்தது. மூன்று குடும்பங்கள் அதைத் தங்கள் பூனை என்றன. நிவாரணத்தில் வந்த டின்மீனைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட்டுவிட்டு அடியில் கிடந்த எண்ணெயை அதற்கு ஊற்றியிருக்கிறார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் அதை மடியில் வைத்துக்கொண்டு கொடுக்கமாட்டேன் என்று அழுதாள். நாங்களும் விட்டுவிட்டோம். மறுநாள் அந்தக் கூடாரத்தில் டின்மீன் முடிந்திருக்க வேண்டும், பூனை எங்களிடம் வந்துவிட்டது.

முகாமை மூடி, பள்ளிக்கூடத்தைத் திரும்பத் திறக்க வேண்டும் என்றார்கள். அம்மாவின் தம்பிக்கு வாவியின் மேற்கே, கொக்கட்டிச்சோலைப் பக்கம் வயலும் ஒரு மண்வீடும் இருந்தன. அவர் அங்கே இருக்கவில்லை, எங்களை இருக்கச் சொன்னார். போனோம். தண்ணீரைக் கண்டாலே நடுங்கிய எங்களுக்கு வயல்வெளி பெரிய ஆறுதலாக இருந்தது. ஆறுதல் அதிக நாள் நிற்கவில்லை. இயக்கத்துக்குச் சண்டைபிடிக்க வீட்டுக்கு ஒரு ஆள் தர வேண்டும் என்று அங்கே கேட்டு வந்தார்கள். வாவிக்கு இந்தப் பக்கமும் பிள்ளைகளைப் பிடித்தார்கள், அந்தப் பக்கமும் பிடித்தார்கள். பிடிக்கிறவர்கள்தான் வேறு. எனக்குக் கைக்குழந்தை இருந்ததால் என்னைக் கேட்கவில்லை. தங்கைக்குப் பதினாறு வயது. அலையிலிருந்து தப்பியவளை இவர்களிடம் கொடுப்பதில்லை என்று அம்மா முடிவெடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வேறு வேலை ஒன்றும் முக்கியமாக இருக்கவில்லை.

குசினிக்கு மேலே விதைநெல் மூட்டைகள் வைக்கும் பலகைப் பரண் ஒன்று இருந்தது. தங்கையை அங்கே ஏற்றி, ஏணியை எடுத்து மாட்டுக்கொட்டிலில் போட்டுவிடுவோம். ஊரில் கேட்டால் ஏறாவூர்ப் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் நின்று படிக்கிறாள் என்று சொன்னோம். பொழுதுபட்டுத் தெரு அடங்கிய பிறகு இறங்கிக் குளித்துவிட்டு ஏறுவாள். மேலே நிமிர்ந்து உட்கார முடியாது. வெயில் ஏறினால் கூரைத் தகடு சுடும். அவள் முறையிடவில்லை. ஒரு தடவை மட்டும், "அக்கா, நெல்லுக்குள்ள இருந்து இருந்து நானும் முளைக்கப் போறன்" என்றாள்.

நாய்தான் பெரிய பிரச்சினையாயிற்று. அவள் மேலே இருந்தால் அது கீழே, நேராகப் பரணுக்கு அடியில் படுத்து, மேலே பார்த்துக்கொண்டிருக்கும். விரட்டினால் போய் ஒரு சுற்றுச் சுற்றி அதே இடத்துக்கு வரும். முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அடுத்த வீட்டு வளவில் ஒரு பையனை வைக்கோல் போருக்குள் ஒளித்திருந்தார்கள். ஆள் பிடிக்க வந்தவர்கள் வைக்கோலைக் குத்திப் பார்க்கவில்லை, வீட்டுக்குள் தேடவும் இல்லை. அவர்களில் ஒருவன் முற்றத்தில் குந்தியிருந்து நாயைப் பார்த்தான். நாய் வைக்கோல் போரைப் பார்த்து வாலை ஆட்டியது. அவ்வளவுதான். அந்தச் செய்தி ஊருக்குள் பரவிய பிறகு நாய்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஏன் என்று ஒருவரும் ஒருவரிடமும் கேட்கவில்லை. இருட்டினால் குரைப்புச் சத்தமே இல்லாத ஊரை நான் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன்.

அப்பா எங்கள் நாயைக் கொல்ல விரும்பவில்லை. வாவியைக் கடக்க அங்கே பாதை ஓடும். மிதவையின் மேல் பலகை அடித்து, ஆளும் சைக்கிளும் மாடும் ஏற்றிக்கொண்டு போகும். பாதை என்றுதான் அதற்குப் பெயர். அதில் நாயை ஏற்றிக்கொண்டு போய் அக்கரைச் சந்தையில் விட்டுவிட்டு வந்தார். மீன்காரர்கள் இருக்கிறார்கள், பிழைத்துக்கொள்ளும் என்றார். மூன்றோ நாலோ நாள் கழித்து, பாதை ஓட்டுகிறவர் சொல்லி அனுப்பினார். "உங்கட ஆள் தானா வந்து ஏறிக் குந்திட்டாரு. இறங்கச் சொன்னா இறங்குறாரில்ல." நாய் டிக்கெட் எடுக்காத பயணியைப் போல மாட்டுக்கும் சைக்கிளுக்கும் நடுவில் நின்று இக்கரைக்கு வந்துவிட்டது. நேரே குசினிக்குள் வந்து, பரணுக்கு அடியில் படுத்து, மேலே பார்த்து வாலால் நிலத்தை அடித்தது. பரணில் இருந்து அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது எனக்குக் கேட்டது.

மறுநாள் அம்மா மீன்குழம்பு விட்டு ஒரு தட்டுச் சோறு பிசைந்தார். அப்பா நெல்லுக்கு அடிக்கும் மருந்தை எடுத்துக்கொண்டு, நாயைக் கூப்பிட்டு, வட்டைக்குப் போனார். வட்டை என்றால் அங்கே வயல்வெளி. கூப்பிட்டதும் அது துள்ளிக்கொண்டு போனது. அவர் தனியாகத் திரும்பி வந்து, கிணற்றடியில் வெகுநேரம் கை கழுவினார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடும்போது முதல் உருண்டையைக் கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத்தான் வாயில் போடுவார். தங்கை பல நாள் அவரோடு பேசவில்லை. ஆனால் ஏன் என்று கேட்கவும் இல்லை. அது தனக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும்.

பூனையைப் பற்றி ஒருவரும் பயப்படவில்லை. பூனைக்கு ஆளில் பாசம் இல்லை, அதனால் அது ஆளைக் காட்டாது. இதுதான் எங்கள் கணக்கு. எலி பிடிக்க அது நெல்மூட்டைக்குள் ஏறுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். அதோடு பூனையைக் கொன்றால் பொல்லாத பாவம் என்று எங்கள் ஊரில் ஒரு பயம் உண்டு. நாயைக் கொல்ல அப்படி ஒரு பயமும் இல்லை.

ஒருநாள் வெளியே ஆண்குரல் கேட்டபோது பூனை தற்செயலாகப் பரணில் இருந்தது. நெல்மூட்டைக்கு நடுவில் அவளைக் கண்டு வாயைத் திறந்து கத்தியது. அவள் பயந்துபோய்த் தன் தட்டில் இருந்த கருவாட்டுத் துண்டை அதன் வாயில் வைத்தாள். பூனை வாயை மூடியது. இன்னொரு நாளும் அப்படியே நடந்தது. அந்தப் பூனைக்கு அதற்கு மேல் படிப்பிக்கத் தேவைப்படவில்லை. வெளி ஆளின் குரல் வாசல் படலையில் கேட்டால் போதும், எங்கே கிடந்தாலும் எழும்பி வந்து, சுவரில் தாவிப் பரணில் ஏறிக் கத்தத் தொடங்கும். கருவாடு கிடைத்தால் நிறுத்தும். நானா என்று நாங்கள் கூப்பிடும், சைக்கிளில் துணி விற்க வரும் முஸ்லிம் வியாபாரியின் குரலுக்கும் கத்தியது, கோயில் காசு சேர்க்க வந்தவர்களுக்கும் கத்தியது. "என்ன தங்கச்சி, உங்கட பூனைக்கு என்னோட என்ன கோவம்?" என்று நானா கேட்டார். எலியைக் கண்டிருக்கும் என்று சொன்னேன். அவர் போன பிறகு தங்கை மேலே இருந்து மெதுவாக, "அக்கா, கருவாடு முடிஞ்சிற்று" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த மிருகத்தின் கழுத்தைத் திருகவும் தோன்றியது.

அம்மாதான் பிறகு அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பூனை கத்தினால் அவருடைய கை தானாகக் கருவாட்டுச் சட்டிக்குள் போகும், முகம் தானாக மேலே போகும், துண்டை எறிந்தால் தங்கை பிடித்துக்கொள்வாள். வெளி ஆள் இல்லாத நேரத்தில்கூட அது சும்மா ஒரு சத்தம் போட்டால் அம்மா எழும்பிவிடுவார். அடுப்பில் சோறு கொதித்துப் பொங்கினாலும் அதை விட்டுவிட்டு எழும்புவார். ஊருக்கே தெரியாமல் தன் பிள்ளையை ஒளித்துவைத்த ஒரு மனுசியை, ஒரு பூனை சொன்னபடி ஆட வைத்திருந்தது. அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

"இதையும் எங்கயாவது கொண்டுபோய் விட்டுட்டு வாறன்," என்றார்.

"வேணாம். அவளுக்கு மேல ஒரு துணை வேணாமா?" என்றார் அம்மா. "நாயத்தான் சாகடிச்சிட்டீங்களே."

அப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போனார்.

நெல் வேளாண்மை வெட்டுக்கு முன்னால் ஒரு பின்னேரம் மூன்று பேர் வந்தார்கள். முரடர்களாக இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்தார்கள். "ஐயா", "அம்மா" என்றே பேசினார்கள். தலைவன் போல இருந்தவனுக்கு என் வயதுதான் இருக்கும். குசினிக் கதவைப் பார்த்தபடி இருந்துகொண்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா அம்மா?" என்று கேட்டான். அம்மா செம்பில் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, குசினிக்குள் அடுப்பருகே போய் நின்றார். இரண்டாவது மகள் எங்கே என்று கேட்டார்கள். ஏறாவூரில் நின்று படிக்கிறாள் என்று அப்பா சொன்னார், எந்த வகுப்பு, யார் வீடு என்று கேட்டதற்கெல்லாம் தடுமாறாமல் சொன்னார். எங்கள் வீட்டில் எல்லோரும் அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்திருந்தோம். நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்றேன். பூனை என் காலைத் தாண்டி உள்ளே போனதைக் கண்டேன். ஒன்றும் செய்ய முடியவில்லை.

அது கத்தியது. அந்த மூன்று பேரில் ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூனை கத்துவது ஒரு சங்கதியா? எந்த வீட்டில் பூனை கத்தாது?

அம்மா சட்டிக்குக் கையைக் கொண்டு போகவில்லை. கைகளை முந்தானைக்குள் இறுக்கி வைத்திருந்தார். ஆனால் கண் மேலே போய்விட்டது. கண்ணிமைக்கும் நேரம்தான். தலைவன் செம்பில் வாய் வைத்துக் குடித்துக்கொண்டிருந்தான். செம்பின் விளிம்புக்கு மேலால் அவன் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். அவன் மிச்சத் தண்ணீரையும் அவசரமில்லாமல் குடித்து முடித்து, செம்பை நிலத்தில் வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஏணி எங்க ஐயா?"

தங்கை அழாமல் இறங்கினாள். தலைமயிரில் நெல் ஒட்டியிருந்தது. அம்மா அவளுடைய இடுப்பைப் பிடித்துக்கொண்டு படலைவரை இழுபட்டுப் போனார். அப்பாவை ஒருவன் நெஞ்சில் கை வைத்துத் தடுத்தான். எல்லாம் முடிந்து நான் குசினிக்குள் வந்தபோது பூனை மேலே கருவாடு தின்றுகொண்டிருந்தது. இறங்குவதற்கு முன் அவள் அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாள்.

"எப்பிடிக் கண்டுபிடிச்சானுகள்?" என்று அப்பா கேட்டார். அவருக்கு முதுகுப்பக்கம்தான் அம்மா நின்றார், அவர் பார்த்திருக்க முடியாது. பூனை கத்தியதால்தான் என்று சொன்னேன். அவர் விறகுக்கட்டையை எடுத்துக்கொண்டு பூனையைத் தேடிப் போனார். அது அதற்குள் எங்கோ ஓடிவிட்டது. அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாய் எதைச் செய்யும் என்று பயந்து அதைக் கொன்றோமோ அதையே தானும் செய்துவிட்டது அவருக்கு அந்த நேரமே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் குனிந்த தலையோடுதான் நடந்தார். மழைக்குக் கூரை ஒழுகினால்கூட நிமிர்ந்து பார்க்கமாட்டார். நிலத்தில் ஈரம் கண்ட இடத்தில் சட்டியை வைத்துவிட்டுப் போவார்.

பிறகு அரசாங்கத்தின் ஆமி வந்தது. ஷெல்லுக்குப் பயந்து ஓடித் திரும்பவும் கூடாரத்தில் கிடந்தோம். வீட்டுக்கு வந்தபோது ஒழுங்கை முனையில் காவலரண் இருந்தது, எங்கள் பூனை அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் யார் போனாலும் அதற்கு வயிறு வாடவில்லை. தங்கையை இயக்கம் வடக்கே வன்னிக்குக் கொண்டுபோய்விட்டது என்று மட்டும் தெரிந்தது. கடைசிச் சண்டை நடந்த மாதங்களில் அப்பா ரேடியோவைக் காதோடு வைத்திருந்தார். அம்மா ரேடியோ இருந்த அறைக்குள் போகவே இல்லை. எல்லாம் முடிந்து, அவள் உயிரோடு ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறாள் என்று அறிந்த அன்றும் அம்மா அழவில்லை. "அவள் என்னோட பேசமாட்டாள்" என்று மட்டும் சொன்னார்.

அவளை விட்டார்கள். கட்டையாக வெட்டிய தலைமயிரும், மடக்க முடியாத ஒரு முழங்கையுமாக வந்தாள். பார்க்க வந்தவர்கள் முற்றம் நிறைய இருந்தார்கள். அம்மா அவளுக்குச் சோறு போட்டார், தண்ணீர் வைத்தார், முகத்தைப் பார்க்கவில்லை. கிழடாகிவிட்ட பூனை அவளுடைய காலடியில் வந்து உரசியது. மாமி ஒருத்தி, "எப்பிடிப் புள்ள உன்னக் கண்டுபிடிச்சானுகள்?" என்று கேட்டாள். கேட்கக் கூடாததைக் கேட்பதற்கென்றே எல்லா வீட்டிலும் ஒரு மாமி இருப்பாள்.

தங்கை பூனையைக் காலால் காட்டினாள். "இதுதான் காட்டிக்குடுத்தது."

ஆட்கள் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் குசினியில் இருந்தோம். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பூனை இல்ல மகள். அது கத்தினதுதான். மேல பாத்தது நான். நான் பாத்ததக் கண்டுதான் அவன் ஏணி கேட்டான்."

தங்கை நல்ல கையால் பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்மா," என்றாள். "பலகை இடுக்கால நான் உங்களத்தான் பாத்துக்கொண்டு இருந்தன். நீங்களும் நேர என்னப் பாத்தீங்க."

அம்மா அப்போதுதான் நிமிர்ந்தார். என் அம்மா அப்படி அழுது நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. தங்கை எழும்பிப் போய் அவருடைய தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மடங்காத கை ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றது.

தங்கை இப்போது அம்மாவோடுதான் இருக்கிறாள். உன்னை எப்படிப் பிடித்தார்கள் என்று இன்றும் யாராவது கேட்டால், பூனை காட்டிக்கொடுத்தது என்றே சொல்கிறாள். அம்மாவுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். அவர் பக்கத்தில் இருந்தால், அவருக்கும் கேட்கும்படி, சற்று உரக்கச் சொல்வாள்.